மனம் எழுதும் கணக்கு

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் ஹெப்பகோடி என்னும் ஊர் வரும். ஒரு காலத்தில் சிற்றூராக இருந்தது. இன்று தொழிற்சாலைகளும் வாடகை வீடுகளும் நெருங்கிய இடம். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மெட்ரோ இரயிலின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது முதல், நகரத்தில் அலுவல் பார்க்கும் நம் போன்றோர்க்கும் இவ்வூரில் குடியிருப்பது எளிதாயிற்று. ஒரு தெருவின் நீளத்திற்குள் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஒரியா ஆகிய மொழிகளைக் காதால் கேட்கலாம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது ஓய்வில்லாத இன்பம்.

நிலையத்துப் படிக்கட்டின் அடியில் பூ விற்கும் அம்மையார் ஒருவர் உண்டு. தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்திலிருந்து கணவருடன் பிழைக்க வந்தவர். எந்த மொழியிலும் எழுதப் படிக்க அறியார். ஆயினும், முழம் நாற்பது ரூபாய் வீதம் மூன்றரை முழம் மல்லிகைக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால், நாம் கைப்பேசியை எடுப்பதற்குள் 360 ரூபாய் நம் கையில் இருக்கும். கன்னடம் பேசுவோர்க்கு ‘நூற நலவத்து’ என்பார். நமக்கு ‘நூத்தி நாப்பது’ என்பார். இரண்டுக்கும் முன்னால் உள்ளுக்குள் நிகழ்ந்த கணக்கு என்னவோ தமிழில்தான் என்று ஒரு நாள் அவரே சொன்னார்.

அவருடைய மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். ஆங்கில வழிப் பள்ளி. சில மாதங்களுக்கு முன், அவளுடைய குறிப்பேட்டில் ‘கணக்கில் மந்தம்’ என்னும் பொருள்பட ஆசிரியர் எழுதியனுப்பினார். ஒரு நிமிடத்தில் இருபது பெருக்கல் கணக்குகளுக்கு விடை எழுத வேண்டுமாம். இவள் பதினான்கோடு நின்றுவிடுகிறாளாம். அதே வாரத்தில், மணிச்சட்டம் கொண்டு மனக்கணக்குக் கற்பிக்கும் வகுப்பு ஒன்றின் விளம்பரத் தாள் அந்த அம்மையார் கைக்கு வந்தது. பயன்படாமல் கிடக்கும் மூளையின் தொண்ணூறு பங்கையும் எழுப்பித் தருவதாக அதில் வாக்களித்திருந்தார்கள். கட்டணமோ கணவருடைய ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்குமேல்.

“அண்ணா, கடன் வாங்கியாவது கட்டிவிடுவேன். இதிலே சேர்த்தால் பிள்ளைக்கு மூளை வந்துவிடுமா?” என்று கேட்டார்.

நாம் கலை படித்தவர். உளவியல் நம் துறையன்று. கேள்வியோ கடன் சம்பந்தப்பட்டது. ஆகவே உடனே விடை கூறாமல் ஒரு வாரத் தவணை கேட்டுக்கொண்டு, மனம் செய்திகளை எவ்வாறு தன்னுள் வடித்து வைத்துக்கொள்கிறது, வைத்ததைக் கொண்டு எவ்வாறு வேலை செய்கிறது என்று ஆராயும் அறிகை அறிவியலைப் புரட்டத் தொடங்கினோம்.

புரட்டிய முதல் பக்கத்திலேயே நம் தொழில் வந்து குறுக்கிட்டது. இத்துறையின் ஆணிவேரான சொல் ‘ரெப்ரசென்டேஷன்’ என்பது. நம் அலுவலகக் கோப்புகளில் இச்சொல் வந்தால் ‘முறையீடு’ என்று எழுதுவோம். நாடாளுமன்றம் பற்றிய தாளில் வந்தால் ‘பிரதிநிதித்துவம்’ என்போம். இரண்டும் இங்கே பொருந்தா. ‘ப்ராசசிங்’ என்பதோ விண்ணப்பத்துக்கு நேர்ந்தால் பரிசீலனை. மாம்பழத்துக்கு நேர்ந்தால் பதப்படுத்துதல். மனம் செய்தியைப் பதப்படுத்துகிறது என்று எழுதினால் கேட்பவர்க்கு ஊறுகாய்தான் நினைவுக்கு வரும். நெடுநேரம் யோசித்து, முன்னதை ‘உள்ளுரு’ என்றும், பின்னதை ‘கையாளுதல்’ என்றும் வைத்துக்கொண்டோம். இதனினும் நல்ல சொற்கள் இருக்கலாம். இந்தப் பேச்சளவுக்கு இவை போதும்.

உள்ளுரு என்பது என்ன? பன்னிரண்டு என்னும் எண்ணையே எடுத்துக்கொள்வோம். அது காதில் ஒலியாக நிற்கலாம். கண்ணில் ஒன்றும் இரண்டுமாகிய இலக்கங்களாக நிற்கலாம். ஒரு டஜன் வாழைப்பழமாக நிற்கலாம். ஆண்டின் மாதங்களாக நிற்கலாம். நம் பழைய ஓலைக் கணக்கில் ௰௨ என்று, பத்துக்குத் தனிக்குறியும் இரண்டுக்குத் தனிக்குறியுமாக நின்றது. எண் ஒன்றே, உரு வேறு. எந்த உருவில் வைத்திருக்கிறோமோ, அதைப் பொறுத்தே சில வேலைகள் எளிதாகின்றன, சில கடினமாகின்றன. ரோமானிய எண்களை வைத்துப் பெருக்கிப் பார்த்தவர் இதை அறிவர். பார்வைப் புலனை ஆராய்ந்த டேவிட் மார் என்னும் அறிஞர், 1982இல் அவர் மறைவுக்குப்பின் வெளிவந்த நூலில் இதையே அடிப்படையாக எடுத்துரைத்தார். ஒவ்வோர் உருவும் ஒன்றை வெளிச்சத்தில் வைத்து மற்றொன்றை மறைவில் தள்ளுகிறது என்பது அவர் கருத்து.

இத்துறைக்குப் பிறந்த நாள் கூட உண்டு. 1956ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த கருத்தரங்கு ஒன்றில், மொழியியலறிஞர் நோம் சாம்ஸ்கியும், எந்திரத்தைக் கொண்டு தருக்கத் தேற்றங்களை நிறுவிக் காட்டிய ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் ஆகியோரும், உளவியலறிஞர் ஜார்ஜ் மில்லரும் ஒரே நாளில் பேசினர். அந்நாளையே அறிகை அறிவியல் கருக்கொண்ட நாளாக மில்லர் பின்னாளில் குறித்தார். அதே ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையொன்று இன்றளவும் புகழ் மங்காதது. ஒரு முறை கேட்டதை உடனே திருப்பிச் சொல்லும்போது மனம் ஏறக்குறைய ஏழு உருப்படிகளையே தாங்கும் என்பது அதன் சாரம். நெல்சன் கவன் என்பவர் 2001இல் அதனையும் குறைத்து, வேறு உதவி ஏதுமின்றித் தாங்கக்கூடியவை நான்கு அளவே என்றார்.

நான்கோ ஏழோ, இவ்வளவு சிறிய பையை வைத்துக்கொண்டு மனிதன் இராமாயணம் முழுவதையும் எப்படி மனப்பாடம் செய்தான்? உருப்படி என்பது எதுவென்று மனமே தீர்மானிக்கிறது என்பதுதான் இதற்கு விடை. 194719502025 என்னும் பன்னிரண்டு இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கேட்டால் நம்மில் பெரும்பாலோர் இடையில் தவறவிடுவோம். 1947, 1950, 2025 என்று பிரித்துக்கொண்டாலோ மூன்றே உருப்படிகள்: நாடு விடுதலை பெற்ற ஆண்டு, குடியரசான ஆண்டு, ஹெப்பகோடிக்கு மெட்ரோ வந்த ஆண்டு. பையின் அளவு பெரிதாகவில்லை. உள்ளே இடும் மூட்டைகள்தாம் பெரிதாயின. மூட்டை கட்டுவதற்குக் கயிறாக உதவியது நமக்கு முன்பே தெரிந்த வரலாறு.

இதனை நம் நாட்டவர் ஒருவரைக் கொண்டே மேனாட்டார் ஆய்ந்தனர். மங்களூரில் வளர்ந்த இராஜன் மகாதேவன் 1981இல், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய ‘பை’ என்னும் எண்ணின் 31,811 இலக்கங்களைப் பிழையின்றி ஒப்பித்து உலகச் சாதனை படைத்தார். பின்னர் அவர் அமெரிக்காவிலுள்ள கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயிலச் சென்றபோது, சார்ல்ஸ் தாம்சனும் உடன் ஆய்ந்தவர்களும் அவருடைய நினைவாற்றலைப் பல ஆண்டுகள் சோதித்து 1993இல் நூலாக வெளியிட்டனர். இலக்கங்களைப் பொறுத்தவரை அவருக்கு இயல்பிலேயே பெரிய பை அமைந்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

ஆன்டர்ஸ் எரிக்சன் என்னும் அறிஞர் இதனை ஒப்பவில்லை. பயிற்சியே எல்லாம் என்ற கொள்கையினர் அவர். அவரும் உடனாய்வாளரும் செய்த சோதனை மிக நேர்த்தியானது. இலக்கங்களுக்குப் பதிலாகக் கேள்விக்குறி போன்ற பத்துக் குறிகளை எடுத்து, அவற்றை இலக்கங்களைப் போலவே கலைத்துக் காட்டினர். முப்பத்தோராயிரம் இலக்கங்களை ஒப்பித்தவரின் மனம், இங்கே ஆறு குறிகள் அளவில் தடுமாறிற்று! கல்லூரி மாணவர் எவருக்கும் அவ்வளவு வரும். சோதனை தொடர்ந்தபோது அவர் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண்ணை மனத்துள் சூட்டிக் குறிகளை எண்களாகப் பெயர்த்துக்கொண்டார். அதன்பின் அவர் திறன் மளமளவென்று உயர்ந்தது. 2004இல் வெளிவந்த இவ்வாய்வின் ஆசிரியர் பட்டியலில் மகாதேவனின் பெயரும் உண்டு என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. சோதிக்கப்பட்டவரே சோதனையிலும் பங்குகொண்டார்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இதைப் படித்தபோது நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். குறியை எண்ணாகப் பெயர்த்தார் என்றால், அவர் செய்தது மொழிபெயர்ப்பு அன்றோ? தமக்குச் சொந்தமான மொழிக்குள் வந்தபின்தான் அவருக்கு நினைவு கைகொடுத்தது.

அடுத்து, இந்தப் பெங்களூரிலேயே 1929இல் பிறந்து 2013இல் இங்கேயே மறைந்த சகுந்தலா தேவியைப் பற்றிக் கூறியாக வேண்டும். தந்தையார் சர்க்கசில் வித்தை காட்டியவர். மகளுக்கு முறையான பள்ளிப் படிப்பு இல்லை. சீட்டுக்கட்டு விளையாட்டில் குழந்தையின் எண்ணாற்றலைத் தந்தையார் கண்டுகொண்டார் என்பர். 1980ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் 7,686,369,774,870 என்னும் எண்ணை 2,465,099,745,779 என்னும் எண்ணால் பெருக்குமாறு அவரிடம் கேட்கப்பட்டது. இவ்விரண்டையும் வாசிப்பதற்கே நமக்கு மூச்சு முட்டுகிறது. இருபத்தாறு இலக்கங்கள் கொண்ட விடையை அவர் 28 விநாடிகளில் கூறி முடித்தார்.

1988இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆர்தர் ஜென்சன் என்னும் பேராசிரியர் அவரைச் சோதித்தார். ஜென்சனின் வேறு சில கொள்கைகள் பெருஞ் சர்ச்சைக்கு உள்ளானவை. அவை இங்கு நமக்கு வேண்டா. இந்தச் சோதனை மட்டும் நேர்மையாக நடந்தது என்றே தோன்றுகிறது. 61,629,875 என்பதன் கனமூலம் யாது என்று கேட்டார். தம் குறிப்பேட்டில் அவ்வெண்ணை எழுதி முடிப்பதற்குள் 395 என்று விடை வந்துவிட்டது. 170,859,375 என்பதன் ஏழாம் மூலம் 15 என்பதும் அவ்வாறே வந்தது.

இனிமேல்தான் வியப்பு. இத்தகைய மனம் மின்னல் வேகத்தில் இயங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பர். ஜென்சனும் அதையே எதிர்பார்த்தார். விளக்கு எரிந்தவுடன் பொத்தானை அழுத்துதல் போன்ற எளிய சோதனைகளில் அவருடைய மறுவினை நேரத்தை அளந்தார். அளந்ததில் தனிச்சிறப்பு ஒன்றும் வெளிப்படவில்லை! ஏனையோர் எவ்வளவு விரைவோ அவ்வளவே அவரும். 1990இல் இம்முடிவுகள் அச்சேறின. சக்கரம் சுழலும் வேகம் எல்லார்க்கும் ஒன்றே. ஆயினும் அவர் மட்டும் விரைவில் ஊர் போய்ச் சேர்கிறார் என்றால், அவர் அறிந்த பாதை வேறு என்றுதானே கொள்ள வேண்டும்?

பாதை எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இது நாம் காட்டும் வழியேயன்றி அவர் சென்ற வழி என்று சாதிக்கமாட்டோம். 61,629,875 என்பது ஒரு முழு எண்ணின் கனம் என்று முன்பே தெரியும். அது 5இல் முடிகிறது. ஆகவே மூலமும் 5இல்தான் முடியும். 400இன் கனம் 64,000,000. நம் எண்ணோ அதற்குச் சற்றே குறைவு. 400க்குச் சற்றே குறைவாக, 5இல் முடியும் எண் 395. அவ்வளவுதான். பெருக்கலே நடக்கவில்லை. எட்டு இலக்கங்களைக் கண்டு நாம் திகைத்து நிற்கையில், எண்களோடு பழகிய மனம் அதனை ‘அறுபத்து நான்குக்கு அண்டை வீட்டுக்காரன், ஐந்தில் முடிபவன்’ என்று அடையாளம் கண்டுகொள்கிறது. நமக்கு இலக்கங்களாகத் தெரிவன அவர்க்கு முகங்களாகத் தெரிந்தன போலும்.

தமிழ் நாட்டில் இது புதிதும் அன்று. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடியை உரக்க ஓதி மனத்தில் ஏற்றினர். கால், அரை, முக்கால் என்பதோடு நில்லாமல், அரைக்கால், மாகாணி எனக் கீழிறங்கி, முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி வரை தலைகீழாக ஒப்பித்த காலம் அது. 1907ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலர், ஒரே வேளையில் வந்து குவியும் நூறு வினாக்களுக்கு முகங்கொடுத்தார். முதுகில் விழும் நெல்மணிகளை ஒருபுறம் எண்ணிக்கொண்டே மறுபுறம் வெண்பா முடிப்பது அவதானக் கலையில் வழக்கம். வெண்பாவின் சீரும் தளையும் எதுகையும், சொற்கள் வந்து அமர்வதற்கு முன்கூட்டியே போட்டு வைத்த நாற்காலிகள் போன்றவை. யாப்பறியாதவன் அந்த நூறையும் தாங்க முயன்றால் ஏழாவதிலேயே தலை சுற்றும்.

சரி, மணிச்சட்டத்துக்கு வருவோம், கட்டணம் அதற்குத்தானே! சட்டத்தில் மணிகளை நகர்த்திக் கணக்கிடப் பழகிய குழந்தை, சில காலத்துக்குப்பின் சட்டமே இன்றி, மனத்தில் அதன் படத்தை வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. விரல்கள் மட்டும் காற்றில் இல்லாத மணிகளை நகர்த்திக்கொண்டிருக்கும். மைக்கேல் ஃபிராங்க், டேவிட் பார்னர் என்னும் ஆய்வாளர்கள் நம் குசராத்து மாநிலத்தில் இத்தகைய குழந்தைகளைச் சோதித்து 2012இல் எழுதினர். வேறொரு கதையைக் காதால் கேட்டு வாயால் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதும் இக்குழந்தைகளின் கணக்குப் பெரிதாகக் குலையவில்லை. மற்றையோர்க்கு அவ்வாறு இல்லை. எனவே இவர்களுடைய எண்கள் சொல்லாக இல்லை, படமாக இருக்கின்றன என்று தெரிகிறது. ஆயினும் அந்தப் படத்திலும் மூன்று நான்கு கம்பிகளுக்குமேல் நிற்பதில்லை. மறுபடியும் அதே சிறிய பைதான்.

மனத்துக்குள் படம் இருக்கிறது என்று சொன்னால் நம்பலாமா என்று கேட்கலாம். ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் 1971இல் ஒரு வழி கண்டனர். இரண்டு உருவங்களைக் காட்டி, ஒன்றைத் திருப்பினால் மற்றொன்றாகுமா என்று வினவினர். திருப்ப வேண்டிய கோணம் கூடக் கூட, விடை கூறும் நேரமும் சீராகக் கூடிற்று. கையில் எடுத்துச் சுழற்றிப் பார்ப்பது போலவே மனமும் ஒரு வேகத்தில் சுழற்றுகிறது. எதிர்வீட்டு வாசலில் கோலத்தைத் தலைகீழாகக் கண்டு, வீட்டுக்கு வந்து நேராகப் போடும் பெண்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. உள்ளே இருப்பது மெய்யாகவே படமா, படத்தைப் பற்றிய சொற்றொடர்களா என்று ஸ்டீபன் காஸ்லினும் செனன் பைலிஷினும் பல்லாண்டுகள் வாதிட்டனர். அதனுள் புகுந்தால் நமக்கு வைத்திருக்கும் நேரம் போதாது.

அம்மையாரின் கேள்விக்கு நேராக விடை தரும் ஆய்வு 2016இல் வெளிவந்தது. பார்னரும் பிறரும் வடோதராவில் 204 பள்ளிப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மணிச்சட்டமும் மறு பிரிவுக்கு வழக்கமான கணக்கும் கூடுதலாகக் கற்பித்து, மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். மணிச்சட்டம் பயின்றவர்க்குக் கூட்டல், பெருக்கல் முதலியவற்றில் ஓரளவு முன்னேற்றம் இருந்தது. ஆனால் நினைவாற்றல், கவனம் முதலிய பொதுத்திறன்கள் மாறவில்லை. மேலும், இடங்களையும் வடிவங்களையும் மனத்தில் நிறுத்தும் திறன் முன்பே நன்கு வாய்த்த பிள்ளைகளே அதிகப் பயன் பெற்றனர். அதாவது, மணிச்சட்டம் நல்ல கருவி. மூளை தரும் மருந்து அன்று. பயன்படாத தொண்ணூறு பங்கு என்பதோ வெறுங்கதை. உடல் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை உண்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு இவ்வளவு சோறு எதற்கு?

இவ்வளவும் படித்தபின் நம் ஐயம் வேறு பக்கம் திரும்பிற்று. சிறுமியின் கணக்கு எந்த உருவில் இருக்கிறது?

இந்த ஐயம் நமக்கு எழுந்ததற்குக் காரணம் நம் அலுவலே. ஆங்கில வாக்கியத்தில் வினை முன்னே வந்துவிடும். தமிழில் அது கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தைக் கேட்டுக்கொண்டே தமிழில் சொல்பவன், தொடக்கத்தில் கேட்ட வினையை வாக்கியம் முடியும்வரை சுமந்து செல்ல வேண்டும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்பவன் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பாரா, ‘ஒப்புக்கொள்ள மாட்டேன்’ என்பாரா என்று பேசுபவரின் வாயையே பார்த்திருக்க வேண்டும். எண்களோ மேலும் கொடியவை. இந்தியில் ஐம்பத்தாறு ‘சப்பன்’. அதில் ஐம்பதும் ஆறும் முகங்காட்டுவதில்லை. நாற்பத்தொன்பதோ ‘உன்சாஸ்’, அதாவது ஐம்பதுக்கு ஒன்று குறைவு. இருபது ஆண்டுகள் ஆகியும், இந்தி எண்ணைக் கேட்டவுடன் நாம் அதனைத் தமிழுக்குக் கொண்டுவந்தே விளங்கிக்கொள்கிறோம். இவ்வகையில் தமிழும் கன்னடமும் நேர்மையானவை: ஐம்பத்தாறு, ஐவத்தாறு. தமிழிலும் தொண்ணூறு மட்டும் நூறு என்ற சொல்லை முன்கூட்டியே கடன் வாங்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு வீட்டில் ஒரு குறும்புப் பிள்ளை இருக்கத்தானே செய்யும்!

இது நம் குறைபாடன்று என்பதற்கும் சான்று உண்டு. எலிசபெத் ஸ்பெல்கியும் சன்னா சிவ்கினும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்த மாணவர்க்கு ஒரு மொழியில் புதிய கணக்குகளைப் பழக்கி, மறு மொழியில் வினவினர். துல்லியமான விடை வேண்டியபோது, பழக்காத மொழியில் அவர்கள் பிந்தினர். தோராயமாக மதிப்பிடும் கணக்குகளிலோ எந்த மொழியாயினும் வேறுபாடு இல்லை. பெருக்கல் வாய்பாடு போன்ற துல்லியமான அறிவு, கற்ற மொழியின் உருவிலேயே மனத்தில் தங்குகிறது போலும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூக்கூடைக்கு அருகில் அமர்ந்திருந்த சிறுமியிடம் சென்றோம்.

“செவன் எய்ட்ஸ்?” என்றோம்.

அவள் விழிகள் மேலே சென்றன. உதடுகள் ஓசையின்றி அசைந்தன. ஏறக்குறைய நான்கு விநாடி கழித்து, “ஃபிஃப்டி சிக்ஸ்” என்றாள்.

சற்று நேரம் வேறு பேசிவிட்டு, “ஆறெட்டு?” என்றோம்.

“நாப்பத்தெட்டு!” கேள்வி முடியுமுன் விடை வந்தது.

“ஒன்பதெட்டு?”

“எழுபத்திரெண்டு. இதெல்லாம் ஊரிலே அம்மாயி சொல்லிக்கொடுத்தது,” என்றாள். பென்னாகரத்தில் பாட்டியிடம் வளர்ந்த இரண்டு ஆண்டுகளில், ஓரெட்டு எட்டு, ஈரெட்டுப் பதினாறு, மூவெட்டு இருபத்து நான்கு என்று ராகம் போட்டுப் படித்தவளாம். முதலில் கேட்டதற்கு உதட்டுக்குள் என்ன சொன்னாய் என்று வினவினோம். “ஏழெட்டுன்னு தமிழிலே சொல்லிப் பார்த்தேன். அப்புறம் இங்கிலீஷிலே மாத்தினேன்,” என்றாள்.

அவளும் நம் தொழில்தான் செய்துகொண்டிருக்கிறாள். ஊதியம் இல்லாமல், ஒன்பது வயதில்! ஒரு நிமிடத்தில் இருபது என்றால் கணக்கு ஒன்றுக்கு மூன்று விநாடி. இவளுக்கு நான்கு வேண்டியிருக்கிறது. அந்த ஒரு விநாடிக்குத்தான் குறிப்பேட்டில் மந்தம் என்று பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு குழந்தையிடம் கேட்ட மூன்று கேள்விகள் அறிவியல் ஆகா என்பதை அறிவோம். பள்ளியில் அவளுக்கு வேறு இடர்களும் இருக்கக்கூடும். ஆயினும் அம்மையாரிடம் நாம் சொன்னது இது: “கடன் வாங்க வேண்டா. பிள்ளைக்கு மணிச்சட்டம் விளையாட ஆசை இருந்தால் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். அதற்குமுன் தினமும் பத்து நிமிடம் இதே எட்டாம் வாய்பாட்டை ஆங்கிலத்திலும் ராகம் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தமிழை மறக்கச் சொல்லாதீர்கள்.”

“அப்போ எம்பிள்ளை மந்தம் இல்லையா அண்ணா?” என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல், வந்து நின்ற ஒருவர்க்கு இரண்டேகால் முழம் அளந்து, தொண்ணூறு ரூபாய் என்று கன்னடத்தில் சொன்னார்.

அன்று மாலையே, மூன்று மாதத்துக்கேனும் சிறுமிக்கு இருபது கணக்குக்கு ஒன்றரை நிமிடம் தருமாறு ஆசிரியரை வேண்டி, அம்மையார் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். நம் அலுவலக மொழியில் அதுவும் ஒரு ‘ரெப்ரசென்டேஷன்’தான். பதில் இன்னும் வரவில்லை.